அக்காவுக்குக் குளிர், தங்கைக்குப் புழுக்கம்

ஜூன் 4

நமது டிரைவிங் ஸ்கூலின் இன்னொரு முதலாளி அவர்களுக்கு,

உன் அக்கா எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன். மேஜைமேல் துண்டுச்சீட்டு வைத்துவிட்டு வந்தேனே, அதைப் படித்திருப்பாய். படிக்காமல் அதன்மேல் காபி டம்ளரை வைத்திருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

மலைமேல் இருக்கும் இந்த இயற்கை நல இல்லத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். வாசலிலேயே போனை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கடிதம் மட்டும் எழுதலாமாம், கையால் எழுதுவது நரம்புக்கு நல்லதாம். இல்லத்தை நடத்துபவரை இங்கே எல்லோரும் வழிகாட்டி என்று கூப்பிடுகிறார்கள். முன்பு சோபா செட் விற்றுக்கொண்டிருந்தவர். ஒருவர் நாற்காலியில் உட்காரும் விதத்தைப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லிவிடுவாராம். நான் உட்கார்ந்தேன். உற்றுப் பார்த்துவிட்டு, "தைராய்டு" என்றார். அசந்துபோனேன். அறைக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, சேரும்போது நானே அதை அவருடைய உதவியாளரிடம் சொல்லியிருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போக்குவரத்துக் குறியீடுகள் பாடம் எடுக்கும்போது நான் தூங்கியது உண்மை. 'இங்கே நிறுத்தக் கூடாது' பலகையைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே தூங்கியதும் உண்மை. மாணவர்கள் எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். நீ உள்ளே வந்து என்ன செய்தாய்? கதவை அறைந்தாய். "காலங்காத்தால தூக்கமா? உனக்குத் தைராய்டு இல்லக்கா, சோம்பேறித்தனம்! தைராய்டுங்கறது அதுக்கு நீ வச்சிருக்கற செல்லப் பேரு!" என்று கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்தவர் அதைக் குறித்துக்கொள்ளவும் செய்தார். பரீட்சையில் வரும் என்று நினைத்திருப்பார்.

நான் என்ன ஆசைப்பட்டா இப்படி இருக்கிறேன்? உடம்பின் காவல்காரர்களே நம்முடைய கழுத்துச் சுரப்பியைத் திருடன் என்று நினைத்து அடிக்கிறார்கள், அதனால் அது வேலை செய்வதை நிறுத்திக்கொண்டு வருகிறது என்று டாக்டர் விளக்கினார். ஒரு வருடமாக மாத்திரை விழுங்குகிறேன். ஒரு முன்னேற்றமும் இல்லை. சீப்பு நிறைய முடி. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துகொள்கிறேன். வெயில் காலத்தில் ஸ்வெட்டர். அந்த ஸ்வெட்டரோடு நான் நடுங்கிக்கொண்டிருக்கும்போது நீ ஃபேனை ஐந்தில் வைக்கிறாய். குறைத்தால் கூடவே வந்து கூட்டுகிறாய்.

உடம்பு சரியாகும்வரை வரமாட்டேன். வகுப்பை நீயே எடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்கவில்லை.

அக்கா

ஜூன் 9

அக்கா,

சீட்டைப் படித்தேன். காபி டம்ளரை அதற்குப் பிறகுதான் வைத்தேன்.

நீ போய் மலைக்காற்று வாங்கிக்கொண்டிருக்கிறாய். இங்கே ஆபீஸ், வகுப்பு, மூன்று வண்டி, டெஸ்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போவது எல்லாம் என் தலையில். ஒன்றும் குறையவில்லை. இன்னும் சொல்லப்போனால் நீ இல்லாமல் வேலை வேகமாகத்தான் நடக்கிறது. காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் மூன்று வண்டியையும் கழுவிவிடுகிறேன். மத்தியானம் சாப்பிட்ட தட்டு காய்வதற்குள் மறுபடி பசிக்கிறது. அவ்வளவு சாப்பிட்டும் மெலிந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன டயட்?" என்று கேட்கிறார்கள். "அக்கா ஊர்ல இல்ல, அதான்" என்கிறேன்.

உன்மேல் இன்னும் கோபம் போகவில்லை. கை நடுங்குகிற அளவுக்குக் கோபம். நிஜமாகவே நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். நினைத்தால் நெஞ்சு திம் திம் என்று அடிக்கிறது. நினைக்காவிட்டாலும் அடிக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை வேறு உயிரை வாங்குகிறார். சாப்பிடும்போது திடீரென்று, "என்னை ஏன் இப்படி முறைக்கற?" என்றார். "நான் சாம்பலாப் போன உங்க சட்டைக் காலரைப் பாத்துக்கிட்டு இருக்கேன், முறைக்கல" என்றேன். "இல்ல, முறைக்கற. ரெண்டு மாசமா முறைக்கற" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் இல்லையா, ஒரு சின்ன அளவுகோலை எடுத்துவந்து என் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் நிஜமாகவே முறைத்தேன்.

நம்மிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் அந்தக் கேஷியர் அம்மா நேற்றும் டெஸ்டில் ஃபெயில். பட்டாம்பூச்சி குறுக்கே போனதற்கு சடன் பிரேக் போட்டார். "அது உயிரில்லையா?" என்று என்னையே கேட்கிறார். வண்டியை விட்டு இறங்கி நடந்தே ஆபீஸ் வந்துவிட்டேன். உட்கார்ந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

நீ எப்போது வேண்டுமானாலும் வா. வராவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை. எப்போது வருவாய்?

தங்கச்சி

ஜூன் 19

அன்புள்ள தங்கைக்கு,

இந்தத் தடவை 'அன்புள்ள' போட்டிருக்கிறேன், கவனி. இங்கே கோபத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி. கோபம் கல்லீரலில் போய்த் தங்குமாம்.

நிஜமாகச் சொல்கிறேன், எனக்கு நன்றாக இருக்கிறது. காலையில் பறவைச் சத்தத்தில் எழுந்து, ஏரியைச் சுற்றி மெதுவாக நடக்கிறோம். காய்கறி, பழம், கீரை. சர்க்கரை கிடையாது. மத்தியானம் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும் என்பது இங்கே பாடத்திட்டம்! தூங்கினால் வழிகாட்டி பாராட்டுகிறார். நேற்று என்னைத்தான் மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டினார்.

அறையில் என்னோடு இருப்பவர் ஒரு பாட்டு டீச்சர். மாதவிடாய் நிற்கிற வயது. உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று முகம் சிவந்து, "ஐயோ, அடுப்புக்குள்ள இருக்கற மாதிரி இருக்கே!" என்று போர்வையை என்மேல் வீசிவிட்டு ஜன்னலைத் திறக்கிறார். நான் இரண்டு போர்வையையும் போர்த்திக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிறேன். உன்னோடு இருக்கிற மாதிரியே இருக்கிறது. ஒரே வித்தியாசம், இவர் சுருதியோடு கத்துகிறார்.

இன்னொரு விஷயம். மாத்திரையை நிறுத்திவிட்டேன். குதிக்காதே. வழிகாட்டி ஒரு பச்சைப் பொடி தருகிறார். சுத்தமான கடல்பாசி. "மாத்திரை உங்க சுரப்பிக்கு லீவு குடுக்குது. என் பொடி அதை வேலைக்குக் கூப்பிடுது. ரெண்டும் ஒரே உடம்புல இருந்தா சண்டை போட்டுக்கும்" என்றார். சண்டை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மாத்திரையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஒரு வருடம் விழுங்கியும் ஒன்றும் செய்யாத மாத்திரைதானே.

உனக்கும் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். எல்லாச் சுரப்பிக்கும் நல்லதாம். கோபத்தைக் கூடக் குறைக்குமாம். சமாதானத்துக்கு அக்கா தருவதாக வைத்துக்கொள். காலையில் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கலந்து குடி. மீன்கூடையைக் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். மூக்கைப் பிடித்துக்கொள்.

அன்புடன் அக்கா

ஜூன் 29

அக்கா அக்கா அக்கா,

டப்பா வந்தது! டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தலாமா என்று முதலில் உன்னைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். பிறகு பொடியைக் குடித்துப் பார்த்தேன், திட்டவில்லை. மீன்கூடைத் தண்ணீரேதான், ஆனால் என்ன சக்தி! நீ ஒரு ஸ்பூன் என்றாய், எனக்கு வேலை அதிகம் என்பதால் காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு. ஷெட்டில் பத்து வருடமாகக் கிடந்த பழைய டயர்களையெல்லாம் இறக்கி, துடைத்து, அளவுவாரியாக அடுக்கி, பிடிக்காமல் போய்த் திரும்பவும் இறக்கி வேறு மாதிரி அடுக்கிவிட்டேன். ஆபீசுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தேன். பிடிக்கவில்லை, நீலம் அடித்தேன். இப்போது ஒரு மாதிரி பச்சையாக இருக்கிறது.

தூக்கம் வரவில்லை, ஆனால் வேண்டியும் இல்லை. வியர்வைதான் தாங்கவில்லை. ஒரு நாளில் மூன்று தடவை குளிக்கிறேன். வகுப்பை வேகமாக நடத்துகிறேன், ஒரு வாரப் பாடத்தை நேற்று ஒரே மத்தியானத்தில் முடித்தேன். ஒருவர் கையைத் தூக்கி, "மேடம், இப்ப நீங்க சொன்னது இடது பக்கமா வலது பக்கமா?" என்றார். "ரெண்டும்!" என்றேனாம். எனக்கு ஞாபகம் இல்லை.

காரணமே இல்லாமல் அழுகையும் வருகிறது. கேஷியர் அம்மா ரிவர்ஸ் எடுத்தார், சரியாக எடுத்தார், நான் அழுதுவிட்டேன். பயந்துபோய் அவரும் அழுதார். சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அழுதோம்.

மாப்பிள்ளை டாக்டரிடம் போகலாம் என்று நச்சரிக்கிறார். எனக்கு எங்கே நேரம்? டயர்களை இன்னொரு விதமாக அடுக்கலாம் என்று தோன்றுகிறது. நீ நன்றாக இருக்கிறாய் அல்லவா? உன் பொடி பிரமாதம். இன்னொரு டப்பா அனுப்பு.

தங்கச்சி தங்கச்சி (இரண்டு தடவை எழுதிவிட்டேன்)

ஜூலை 9

தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. படித்தேன். கொஞ்சம் படித்துவிட்டுத் தூங்கினேன். பிறகு மீதி படித்தேன். டயர் பற்றி எழுதியிருந்தாய். எதற்கு டயர் என்று புரியவில்லை. நன்றாக அடுக்கு.

இங்கே குளிர். ஏரிவரை போகவில்லை. வாசல் பெஞ்சுவரை போனேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டி வந்து, நச்சு வெளியேறுகிறது, அதனால்தான் களைப்பு என்றார். நிறைய நச்சு இருந்திருக்கும் போல. வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

மோதிரம் விரலை விட்டுக் கழலவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். முகம் வேறு யாருடையதோ மாதிரி உப்பியிருந்தது. நல்ல முகம்தான். நம் முகம் இல்லை.

பாட்டு டீச்சர் சொன்னார், "உங்க குரல் ரெண்டு கட்டை எறங்கியிருக்கு. நீங்க வந்தப்ப இப்படி இல்ல. இது சளி இல்ல." ஆண்குரல் மாதிரி இருக்கிறதாம். ஏதோ சொல்ல வந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னேன் போல.

இங்கே குளிர். எழுதிவிட்டேனா?

இன்னொரு டப்பா கேட்டாயே. அனுப்ப

ஜூலை 13

அக்கா,

உன் கடிதம் பாதியில் நிற்கிறது. கையெழுத்துக்கூடப் போடவில்லை. நான் இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். இதைத் தபாலில் போடவில்லை, மாப்பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் உன் முன்னால் நின்றுகொண்டிருப்பார். முதலில் ஒன்று செய். பெட்டியைத் திறந்து அந்த மாத்திரையை அவரிடம் காட்டு. இன்றைக்கே டாக்டரிடம் போ. மற்றதைப் பிறகு படி.

போனாயா? சரி.

வெள்ளிக்கிழமை கேஷியர் அம்மாவுக்கு வகுப்பு. வண்டியில் உட்கார்ந்ததுமே நெஞ்சு குதிரை மாதிரி ஓடியது. பழகினதுதானே என்று விட்டேன். மார்க்கெட் பக்கம் போனபோது ஓட்டம் தாறுமாறாகிவிட்டது. இரண்டு அடி, ஒரு இடைவெளி, நாலு அடி. கண் இருட்டியது. என் பக்கத்து பிரேக்கை மிதிக்கக்கூடக் காலில் தெம்பில்லை. "வண்டிய ஓரங்கட்டுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

கேஷியர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேடம், ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?" என்றார். கையைக் காட்டினேன். அக்கா, அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ஹாரனில் கையை வைத்தார், எடுக்கவே இல்லை. காய்கறி வண்டி, லாரி, எதிரே வந்த பஸ் எல்லாம் ஒதுங்கின. பட்டாம்பூச்சிக்கு நிற்கிறவர் டிராபிக் போலீசுக்கே நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு ஆம்புலன்சுக்கு நடுவில் ஒரே திருப்பலில் ரிவர்ஸ் பார்க்கிங். நான் அந்த நிலையிலும் கண்ணாடியில் சரிபார்த்தேன். நடுவில், நேராக இருந்தது. என்னை இறக்கிவிட்ட பிறகுதான் அவருக்கு நடுக்கம் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். இரண்டு பேர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தார்களாம்.

டாக்டர் அம்மா என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார், கண்ணைப் பார்த்தார். மாப்பிள்ளை ஓடிவந்து, "மூணு மாசமா இமை மேல ஏறியே இருக்கு டாக்டர், நான் என்னை முறைக்கறாளோன்னு நெனச்சுட்டேன்" என்றார். ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் தைராய்டாம்! உனக்குக் குறைவாக இருப்பது எனக்கு அளவுக்கு மேல் சுரக்கிறதாம்.

"வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" என்றார்.

"அக்காவுக்கு. ஆனா அவளுக்கு நேர் எதிர் டாக்டர். அவ நிக்கற வண்டி."

"நேர் எதிர் இல்லம்மா, ஒரே குடும்பம்தான். அவங்க உடம்போட காவல்காரன் சுரப்பியை அடிச்சு உக்கார வைக்கறான். உங்க காவல்காரன் அதை விடாம முடுக்கிக்கிட்டே இருக்கான். புதுசா எதாவது சாப்பிட்டீங்களா?"

பொடியைச் சொன்னேன். எவ்வளவு என்றும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கடல்பாசில அயோடின் எக்கச்சக்கமா இருக்கும்மா. நீங்க டிரைவிங் ஸ்கூல்ங்கறீங்க, உங்க பாஷைலயே சொல்றேன். ஆக்சிலரேட்டர்ல கால் மாட்டிக்கிட்ட வண்டி நீங்க. அதுமேல இன்னொரு காலையும் சேத்து வச்சு அழுத்தியிருக்கீங்க." உனக்கும் அது ஆகாதாம். உன் கடிதத்தை மாப்பிள்ளை படித்துக்காட்டினார். முகம் உப்பினது, குரல் இறங்கினது எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னைக்கே யாராவது போங்க. இது நச்சு வெளியேறது இல்ல, மாத்திரை இல்லாம உடம்பு அணைஞ்சுக்கிட்டு வருது" என்றார்.

அதனால்தான் மாப்பிள்ளை வந்திருக்கிறார். நான் வந்திருப்பேன், ஆனால் கட்டிலை விட்டு இறங்கினால் நர்ஸ் திட்டுகிறார். என்னைவிட நன்றாகத் திட்டுகிறார்.

அக்கா, சோம்பேறி என்று சொன்னேனே. நீ பாதி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது இப்போது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பயமாக இருக்கிறது. எழுந்து உட்கார்ந்து எனக்குப் பதில் எழுது. என்னைத் திட்டியாவது எழுது.

தங்கச்சி

ஜூலை 22

என் தங்கைக்கு,

திட்டுவதற்குத் தெம்பு வந்துவிட்டது. ஆனால் யாரைத் திட்டுவது? டப்பாவை அனுப்பியவள் நான். சமாதானத்துக்கு என்று சொல்லி உன் நெஞ்சை ஓடவிட்டேன். அதை நினைத்து ஆஸ்பத்திரியில் அழுதேன். நான் அவ்வளவு மெதுவாக அழுததைப் பார்த்து நர்ஸ் முதலில் தும்மல் வருகிறது என்று நினைத்திருக்கிறார்.

மாப்பிள்ளை வந்தபோது என்னை அடையாளம் தெரியாமல் என்னிடமே, "எங்க அண்ணி எந்த ரூம்ல இருக்காங்க?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பாட்டு டீச்சர் ஏற்கனவே என் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டாவது போகத் தயாராக நின்றார்.

வழிகாட்டி குறுக்கே வந்து, "இப்ப கொண்டுபோனா இதுவரைக்கும் வந்த பலன் போயிடும்" என்றார். உன் புருஷன் சத்தம் போட்டு நீ கேட்டதுண்டா? நான் கேட்டேன். "பலனா? இவங்க முகத்தைப் பாருங்க சார்! ஒரு மூக்குக்கண்ணாடி குடுக்கறதுக்கே நான் ரெண்டு தடவை அளவு பாக்கறேன். நீங்க எந்த அளவைப் பாத்துட்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்க?" மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்லதுதானே நெனச்சேன்" என்றார். பொய் சொல்லவில்லை, அவர் நிஜமாகவே நல்லதுதான் நினைத்தார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அடிவாரத்து ஆஸ்பத்திரி டாக்டர் வயதானவர், கொஞ்சம் கிண்டல்காரர். மாத்திரையை எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். காபியோடு, கால்சியம் மாத்திரையையும் சேர்த்து ஒரே மடக்கில் என்றேன். "அப்ப அது வயித்துக்குள்ள போய் அவங்களோட கதை பேசிட்டு அப்படியே வெளிய போயிருக்கும். வேலை எங்க செய்யும்?" என்றார். வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காபிக்கு நன்றாக முன்னால், கால்சியம் பல மணி நேரம் கழித்து. ஒரு வருடமாக இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான் தூங்கியிருப்பேன்.

"அப்ப நடக்கறது, கீரை, தூக்கம் எல்லாம் வீண்தானா?" என்று கேட்டேன். "யாரு சொன்னா? நடங்க, நல்லா தூங்குங்க, சர்க்கரையைக் குறைங்க. உடம்புக்கும் மனசுக்கும் அதெல்லாம் வேணும். ஆனா உங்க சுரப்பி ராஜினாமா குடுத்துடுச்சு. அது பாத்த வேலையை மாத்திரை பாக்குது. கீரை அந்த நாற்காலில உக்காராது."

நம் ஊர்வரை நீண்ட பஸ் பயணம் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனை முடியும்வரை இங்கேயே இருக்கிறேன். இல்லத்துக்கே திரும்பிவிட்டேன், ஆனால் மாத்திரையோடு, என் போனோடு. பிஸ்கட் டப்பாவை நானே திறந்தேன். வழிகாட்டி பொடி டப்பாக்களைத் தோட்டத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்.

நீ கட்டிலை விட்டு இறங்காதே.

அக்கா

ஆகஸ்ட் 18

அன்புள்ள அக்கா,

நேற்று போனில் பேசியதோடு போதும். நலமா என்று ஆரம்பித்து, பெயின்ட் விஷயத்தில் சண்டை வந்து, போனை முதலில் வைத்தது நீயா நானா என்று அதற்கும் ஒரு சண்டை. என் டாக்டர் நெஞ்சு படபடக்கிற மாதிரி எதுவும் செய்யாதீர்கள் என்றிருக்கிறார். கடிதமே நமக்கு நல்லது. கடிதத்தில் நடுவில் பேச முடியாது.

மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது. கையைப் பார், கோடு நேராக இருக்கிறது. நேற்று மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தேன், கண்ணை மூடினேன், திறந்தால் சாயங்காலம். எத்தனை காலத்துக்குப் பிறகு! எழுந்ததும் முதலில் உன் ஞாபகம்தான் வந்தது. தூக்கம் என்பது நாம் போய் எடுத்துக்கொள்வது இல்லை, அதுவாக வந்து நம்மை எடுத்துக்கொள்வது என்று தெரிந்தது. உன்னைத் தினம் எடுத்துக்கொண்டது, நான் கதவை அறைந்தேன்.

ஒரு பயமும் இருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். 'சுறுசுறுப்பு' என்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்களே, அது நான் இல்லையா? சுரப்பிதானா? எல்லாம் சரியான பிறகு உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று தெரியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளாக ஆகிவிட்டால்? டயர் ஷெட் பக்கம் போகவே பிடிக்கவில்லை. மாப்பிள்ளை, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டார். ரொம்ப நிச்சயமாகச் சொன்னார். ஏன் அவ்வளவு நிச்சயம் என்று கேட்கவில்லை.

இப்போது என்னை வண்டி ஓட்டக் கூடாது என்கிறார்கள். ஒரு ஆளைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறோம். பொறுமைசாலி. மாணவர்களுக்கு அவரை ரொம்பப் பிடித்திருக்கிறது. எனக்கு எரிகிறது.

தங்கச்சி

செப்டம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. அளவு சரியாக இருக்கிறது. மோதிரம் கழல்கிறது. குரல் ஏறிவிட்டது. பாட்டு டீச்சர் தினம் காலையில் என்னை ஒரு 'ஆ' சொல்லச் சொல்லிச் சரிபார்க்கிறார். அவரும் என்னைப் பார்த்து டாக்டரிடம் போனார். வெறும் குளிர்ந்த தண்ணீரை நம்பி இத்தனை நாள் வெந்திருக்க வேண்டியதில்லை, அதற்கும் மருந்து இருக்கிறது என்று தெரிந்துவந்து, "எனக்கு யாரும் சொல்லலையே!" என்று உச்சஸ்தாயியில் கோபப்பட்டார்.

இங்கே வேன் டிரைவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வழிகாட்டிக்கு ஓட்டத் தெரியாது. யாருக்காவது அவசரம் என்றால் டாக்டரிடம் கூட்டிப்போக ஆள் இல்லை. நான் சொல்லித்தருகிறேன். இரண்டு வருடம் கழித்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வளைவில் திருப்பும்போது எனக்கே என்னை ரொம்பப் பிடித்திருந்தது. மாணவர் சுமார்தான். "பிரேக்!" என்றால் மூச்சை இழுத்து விடுகிறார். "சார், மூச்சு விட்டா வேன் நிக்காது, கால வைங்க" என்றேன். சம்பளமாக ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். இல்லத்தில் சேர வருகிறவர்கள் யாரும் டாக்டர் கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வாசலிலேயே எழுதி மாட்டிவிட்டார். பொடி கொட்டின இடத்தில் தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது. யாரும் பறிக்கவில்லை.

உள்ளே என்ன மிச்சம் இருக்கும் என்று கேட்டிருந்தாயே. எனக்கும் அதே கவலைதான், வேறு பக்கத்திலிருந்து. உடம்பு சரியானால் நான் பறந்துபறந்து வேலை செய்கிறவளாக ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். முடிவு வந்த அன்று மத்தியானம் ஜன்னலோரம் படுத்தேன். களைப்பு இல்லை, வலி இல்லை, குளிரவில்லை. ஒரு தேவையும் இல்லாமல் நன்றாகத் தூங்கினேன். எழுந்து யோசித்தேன். இது நோய் இல்லை. இது என்னுடைய சொந்தச் சோம்பல். எந்த டாக்டரும் தொட முடியாது. நீ அன்று சொன்னதில் ஒரு சின்னப் பங்கு உண்மைதான், ஆனால் அதைக் கதவை அறைந்து சொல்லியிருக்க வேண்டாம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு கிளம்புகிறேன். வகுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன் அக்கா

செப்டம்பர் 29

அக்கா,

என் முடிவும் வந்துவிட்டது. அளவுக்குள் இருக்கிறது. மாத்திரை இன்னும் பல மாதம் சாப்பிட வேண்டும், நடுவில் நடுவில் ரத்தம் பார்க்க வேண்டும். ஆனால் வண்டி ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கேஷியர் அம்மா பாஸ். அதிகாரி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னதற்கு, "நடுவுல ரெண்டு ஆம்புலன்ஸ் இருக்கறதா நெனச்சுக்கவா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

வேலைக்குத் திரும்பின முதல் நாள், ஒரு புது மாணவர். கிளட்ச்சை பிரேக் என்று நினைத்து மிதித்தார். சொன்னேன். மறுபடி மிதித்தார். சொன்னேன். மறுபடி மிதித்துவிட்டு, "நீங்க சரியா சொல்லல மேடம்" என்றார். நான் கத்தின கத்தலில் எதிர்ச்சாரியில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பி வந்துவிட்டதா? நேராக டாக்டரிடம் போனேன்.

"எல்லாம் சரியாயிடுச்சுன்னீங்களே டாக்டர், நான் இன்னும் கத்தறேன்."

நாடியைப் பார்த்தார், சரி. கையை நீட்டச் சொன்னார், நடுக்கமில்லை. தூக்கம் எப்படி என்றார், நன்றாக வருகிறது என்றேன். முடிவுத் தாளை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தைராய்டெல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. இது நீங்க."

"இதுக்கு மாத்திரை?"

"இல்ல."

வெளியே காத்திருந்த மாப்பிள்ளையிடம் சொன்னேன். "தெரியும்" என்றார். ஏனோ வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பஸ் நின்றதும் சீக்கிரம் இறங்கு. எல்லோரும் இறங்கட்டும் என்று கடைசிவரை உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அத்தனை பேர் முன்னாலும் கத்துவேன். இனிமேல் அதற்கு நாம் இரண்டு பேரும் வேறு யார்மேலும் பழியைப் போட முடியாது.

தங்கச்சி